சீமந்தத்துக்கு இன்று லீவு

துணிப்பைக்கு வார விடுமுறை கொடுத்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் லீவு மாமி. பைக்கு லீவு, பைக்கு ஷிப்ட், பைக்குக் களைப்பாக இருந்தால் மெடிக்கல் லீவு. அவர் மட்டும் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. திருவோணத்தன்று கேரளமே இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போதும் மாமி பாலக்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, வாட்ச்மேனை எழுப்பி, கம்பெனி கேட்டைத் திறக்கச் சொல்லி, பைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

இந்த மாமியின் மேல் எனக்கு இருந்த பொறாமையை அளக்க இன்னும் கருவி கண்டுபிடிக்கவில்லை. ‘இருந்த’ என்று எழுதியதே தப்பு. இன்றைக்கும் இருக்கிறது. இதை எழுதும்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே மாமியைப் பற்றி நான் குறைவாகச் சொல்கிற இடங்களில் நீங்களே கொஞ்சம் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி கொழிஞ்சாம்பாறையிலிருந்து வடகரப்பதி போகிற வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. பம்புசெட் சாமான்களுக்கு நிக்கல் முலாம் பூசுகிற சின்ன கம்பெனி. முலாம் பூசிய சாமானைத் தண்ணீரில் அலசுவார்கள். அலசிய தண்ணீரில் நிக்கல் கரைந்து, பார்க்க வெளிர்பச்சையாக, இளநீர் சர்பத் மாதிரி அழகாக இருக்கும். அதை அப்படியே விட்டால் ஓடை வழியாகத் தோப்புக் கிணறுகளுக்குப் போய்ச் சேரும். போகவிடாமல் பிடிப்பது என் வேலை. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த எனக்கு அன்று தெரிந்த ஒரே ஆயுதம் சுண்ணாம்பு. சுண்ணாம்பைக் கலக்கினால் நிக்கல் சேறாக அடியில் தங்கும், தண்ணீர் ஓரளவு தெளியும். ஆனால் அந்தச் சேற்றை எங்கே கொட்டுவது? மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கினேன். ஷெட் நிறைந்ததும் அடுத்த ஷெட் கேட்டேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், நான் சம்பளம் வாங்கிக்கொண்டு அவருக்கு ஒரு மலை கட்டித் தருகிறேன் என்ற கவலை தெரிந்தது.

இதில் இன்னொரு சங்கடம். ஓடையை ஒட்டிய முதல் தோப்பு என் மாமனாருடையது. கம்பெனித் தண்ணீரை எதிர்க்கிற விவசாயிகள் சமிதிக்குத் தலைவரும் அவரே. வாரம் ஒரு முறை ஓடைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வருவார். என்னைப் பார்த்ததும் யாரோ எவரோ மாதிரி, “ஏனுங்க மேடம், இந்தத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா?” என்பார். சாயங்காலம் வீட்டில் நான் கால் வைத்ததும், “அம்மிணி, சோத்தப் போடு” என்பார். கேட்டில் மேடம், ஊட்டில் அம்மிணி. நானும் விடாமல், வீட்டுக் கூடத்தில் படம் வரைந்து ஒட்டி, சுண்ணாம்பு எப்படி நிக்கலைப் பிடிக்கிறது என்று விளக்குவேன். அவர் படத்தின் மேல் துண்டைக் காயப்போட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஒரு நாள் எங்கள் தண்ணீரில் நிக்கல் அளவுக்கு மேல் இருக்கிறது என்று அரசாங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. இன்னொரு தடவை தண்ணீர் தவறினால் கரண்டைப் பிடுங்கிவிடுவார்கள், கம்பெனியை மூட வேண்டியதுதான். அந்த வாரம்தான் முதலாளி மாமியைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து இறக்கினார்.

மாமி கல்பாத்திப் பக்கத்துக்காரர். ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி லேபை ஆண்டு, அடித்து, அரசாண்டு ஓய்வு பெற்றவர். குள்ளமான உருவம், பெரிய கட்டப்பை, அதைவிடப் பெரிய குரல். அடக்கம் என்ற சமாசாரம் அவர் பக்கமே வந்ததில்லை. என் சேற்று மலையைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தார். “நிக்கல் நீங்க விலை கொடுத்து வாங்கின சாமானாக்கும். அதை ஏன் சேத்துல போட்டுப் பொதைக்கறேள்? பிடிச்சு, திருப்பித் தொட்டியிலேயே விடலாமே” என்று முதலாளியிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மலையைக் கட்டினவள் நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் அதில் கஷ்டம்.

மாமியின் மருந்து நார்த்தூள். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பிறகு பொள்ளாச்சிப் பக்கம் குன்று குன்றாகக் கிடக்கிற பழுப்புத் தூள். அதைக் கழுவி, சிட்ரிக் ஆசிடில் ஊறவைத்து, பாலக்காட்டுக்காரர்கள் பாவைக்காய்க் கொண்டாட்டம், அதாவது பாகற்காய் வற்றல், காயவைக்கிற பக்தியோடு மொட்டை மாடியில் காயவைத்து, பதமாகச் சூடுகாட்டிப் பையில் கட்டினார். பைகளை அலசுதண்ணீர் ஓடுகிற தொட்டியில் வரிசையாகத் தொங்கவிட்டார். தண்ணீர் ஒரு பக்கம் பச்சையாக நுழைந்து மறுபக்கம் நிறமில்லாமல் வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். இத்தனை மாதம் சுண்ணாம்போடு மல்லுக்கட்டியவள் என்ற முறையில் அந்தத் தண்ணீரை எனக்குப் பிடிக்கவில்லை.

பைகள்தான் கதை. பருத்தித் துணியானால் ஆசிட் அரித்துவிடும் என்பதால், மாமி தன் பழைய பாலியஸ்டர் புடவைகளையெல்லாம் வெட்டித் தைத்திருந்தார். ஒவ்வொரு பைக்கும் அந்தப் புடவை வந்த விசேஷத்தின் பெயர். ரோஜாப்பூ போட்டது சீமந்தம். ஊதாக் கட்டம் தலைதீபாவளி. மஞ்சளில் வட்டம் வட்டமாக இருந்தது கிரகப்பிரவேசம். பச்சையில் கோடு போட்ட ஒரு பை, மாமியின் நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்தது. அதற்கு நாத்தனார் என்றே பெயர். மற்ற பைகள் பிடிக்கிறதில் பாதிதான் அது பிடிக்கும் என்றும், அதன் சுபாவமே அப்படி என்றும் மாமி சொல்வார். அளந்து பார்த்தால் எல்லாப் பையும் ஒரே அளவுதான் பிடித்தன. நான் அளந்து காட்டினேன். “நீ அளந்த அன்னிக்கு நன்னா வேலை செஞ்சிருப்பள்” என்றார் மாமி.

ஒரு நாள், ஓரத்து வாளியில் ஊறிக்கொண்டிருந்த ரோஜாப்பூப் பையை எடுத்துத் தொட்டியில் போடப் போனேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“தொடாதே கொழந்தே. சீமந்தத்துக்கு இன்னிக்கு லீவாக்கும்.”

பைக்கு எதற்கு லீவு என்று கேட்டேன்.

“வயிறு நெறைய நிக்கலைப் பிடிச்சு வெச்சுண்டிருக்கா. க்ஷீணமாயிருக்கா. ஆசிட்ல ஊறி, பிடிச்சதையெல்லாம் விட்டுட்டு, ஒரு நாள் சும்மா இருந்தாத்தான் நாளைக்குத் திரும்பப் பிடிப்பள். விடாம எப்படிப் பிடிக்கறது?”

விஷயம் என்னவோ சரிதான். பையை நீர்த்த ஆசிடில் ஊறவைத்தால் நார்த்தூள் பிடித்த நிக்கலை அப்படியே விட்டுவிடும். அந்தப் பச்சைத் தண்ணீரைப் பதம் பார்த்து முலாம் தொட்டியிலேயே சேர்த்துவிடலாம். பையை அலசிக் காயவைத்தால் மறுபடி வேலைக்குத் தயார். சேறும் இல்லை, மலையும் இல்லை. இதை நாங்கள் காலேஜில் ஒரு நீளமான ஆங்கிலப் பெயரில் படித்திருக்கிறோம். அதற்கு லீவு என்று பெயர் வைக்கலாம் என்று என் மூளைக்கு எட்டவில்லை. அன்றிலிருந்து கம்பெனி முழுக்க அவர் லீவு மாமி ஆனார். முலாம் போடுகிற பையன்கள்கூட வரும்போதே, “இன்னிக்கு யாரு மாமி லீவு?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். நானும் வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

சமாதானமாகப் போகலாம் என்று என் பழைய புடவை ஒன்றைப் பை தைக்கக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி அதைக் கையில் தேய்த்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இது கலப்பு நூலாக்கும், தாங்காது” என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பையாவதற்குக்கூட என் புடவைக்கு யோக்கியதை இல்லை. அந்தப் புடவையை அப்புறம் நான் கட்டவேயில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மாமனார் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

வழக்கம்போல பாட்டிலோடு கேட்டுக்கு வந்தவரை மாமி உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். பைகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அறிமுகம் செய்துவைத்தார். வாளியில் கிடந்த கிரகப்பிரவேசத்தைக் காட்டி, அவளுக்கு இன்று லீவு என்றார். நான் தள்ளி நின்று, மாமனார் இப்போது சிரித்துவிட்டு எழுந்து போவார் என்று ஆவலாகக் காத்திருந்தேன். மாமனார் வாளியைக் குனிந்து பார்த்தார்.

“அதானுங்க சரி” என்றார். “அம்மாவாசைக்கு நாங்க ஏர்ல மாடு கட்டமாட்டமுங்க. அன்னிக்கு அதும்பாட்டுக்கு மேஞ்சுட்டுக் கெடந்தாத்தான் மறுநா இழுக்கும். பைக்கும் அப்படித்தானுங்க இருக்கும்.”

முடிந்தது. நான் கூடத்தில் ஒட்டிய படங்கள், அம்புக்குறிகள், கலர் பென்சில் எல்லாம் ஒரு அமாவாசையில் போயிற்று. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் எனக்கே பாடம் எடுத்தார். நார்த்தூள் எப்படிப் பிடிக்கும், ஆசிடில் எப்படி விடும், தெரியுமா அம்மிணி என்று கேட்டார். தெரியுங்க மாமா என்றேன். “மாமி சொன்னாத்தான் புரியுது” என்றார். அடுத்த வாரத்திலிருந்து பாட்டிலுக்குப் பதிலாகச் செவ்வாழைத் தாரோடு கேட்டுக்கு வர ஆரம்பித்தார். தாரை என் கண் முன்னாலேயே மாமியிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, “வரட்டுங்களா மேடம்” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்படியிருக்க ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் அன்று மெஷின், தராசு, தள்ளுவண்டி, முதலாளி கார் ஒன்றையும் விடாமல் கழுவிச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். மாமி தன் பைகளுக்கும் லீவு கொடுத்து, வரிசையாகக் கொடியில் மாட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூ சொருகினார். பையில் குங்குமம் பட்டால் நார்த்தூளுக்கு ஆகாது என்பதில் படு ஜாக்கிரதை. அந்தக் குறை தீர, சுத்தத் தண்ணீர் வெளியே விழுகிற குழாயின் வாயில் சந்தனம் வைத்து, அதைச் சுற்றி, சந்தையில் வாங்கின குங்குமப் பொட்டலம் முழுவதையும் குழைத்து, உள்ளேயும் வெளியேயுமாகத் திருஷ்டிப் பூசணிக்கு அப்புகிற மாதிரி அப்பினார். பளபளவென்று ஆரஞ்சும் சிவப்புமாக, தூரத்திலிருந்தே தெரிந்தது.

பூஜை முடிந்து கம்பெனி திறந்த அன்று காலையிலேயே அதிகாரிகள் சாம்பிள் எடுக்க வந்தார்கள். குழாய் வாயில் பாட்டிலைப் பிடித்து, சீல் வைத்துக் கொண்டுபோனார்கள். ரிசல்ட் வந்தது. நிக்கல் இருக்கிற இடமே தெரியவில்லை. மாமி மூக்குத்தி மின்ன நிமிர்ந்து நின்றார். முதலாளி அடுத்த வரியைப் படித்தார். ஈயம், அளவுக்கு மேல்.

ஈயம் எங்கள் கம்பெனி வாசலைக்கூட மிதித்ததில்லை. எந்தத் தொட்டியிலும் இல்லை, எந்த டப்பாவிலும் இல்லை. ஆனால் தண்ணீரில் இருக்கிறது. ஒரு வாரத்துக்குள் காரணம் காட்ட வேண்டும், இல்லையென்றால் கரண்ட் போகும். முலாம் போடுகிற பையன்கள் வேறு வேலை எங்கே கிடைக்கும் என்று தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். எனக்கும் அதே கவலைதான். கம்பெனி போனால் நான் கேட்டில் மேடமாக இருக்க முடியாது, முழு நேரமும் அம்மிணிதான்.

மாமி தன் பைகள் பக்கம் திரும்பினார். எல்லாப் பைக்கும் லீவு ரத்து என்று அறிவித்தார். பிறகு பைகளை வரிசையாக வைத்து, முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விசாரணையே நடத்தினார். “எங்கேர்ந்து கொண்டு வந்தேள்? யார் கொண்டு வந்தேள்?” என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கேட்டார். நாத்தனாரைத் தனியாகக் கொடியில் மாட்டி சஸ்பெண்ட் செய்தார். சிரிப்பு வருகிற காட்சிதான். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் கட்டப்பையில் சாப்பாட்டு டப்பாகூட இல்லை. என் மாமனாரும் சமிதி ஆட்களும் கேட்டில் வந்து நின்றார்கள். அவர் சத்தம் போடவில்லை. “மாமிய நம்புனனுங்களே” என்று மட்டும் முதலாளியிடம் சொன்னார்.

என்னை எப்போதாவது அவர் நம்பியிருந்தாரா என்று அந்த நேரத்திலும் ஒரு கணக்கு என் மனதில் ஓடியது.

நான் குழாயடிக்குப் போனேன். என் கணக்குக்கு ஒரு சாம்பிள் எடுக்கலாம் என்று குனிந்தபோது, குழாய் வாயில் சந்தனம் வைத்தபடி இருந்தது. குங்குமம் மட்டும் கீழ்ப்பாதி கரைந்து, மீசை ஒருபக்கம் வழித்த மாதிரி இருந்தது. கரைந்தது எங்கே போயிற்று? பாட்டிலுக்குள்தான் போயிருக்கும். மிச்சத்தைச் சுரண்டி லேபுக்கு ஓடினேன். நைட்ரிக் ஆசிடில் கரைத்து, தெளிந்ததை எடுத்து, பொட்டாசியம் அயோடைடு இரண்டு சொட்டு விட்டேன். டெஸ்ட் டியூபில் பளிச்சென்று மஞ்சள் திரண்டது. ஈயம் என்று காலேஜில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிற அதே மஞ்சள். நிறம் எடுப்பாக இருக்கட்டும் என்று எவனோ குங்குமத்தில் ஈயச் செந்தூரத்தைக் கலந்து விற்றிருக்கிறான். பைகளைத் தாண்டி, கடைசியில், குழாய் வாயில் அது கலந்திருக்கிறது. பைகள் பாவம், அவற்றுக்கு அதைப் பிடிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக நடந்ததில்லை. டெஸ்ட் டியூபை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முதலாளி அறைக்குள் நுழைந்தேன். முதலாளி இருந்தார், மாமனார் இருந்தார், மூலையில் மாமி இருந்தார். மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி, குங்குமம் எது, வைத்தவர் யார், ஈயம் வந்த வழி எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இந்த ஒரு தடவை மாமியின் முகம் வாடும், மாமனார் என் பக்கம் திரும்புவார், அதற்காகத்தான் கடவுள் இந்தக் குங்குமத்தைச் சந்தைக்கு அனுப்பினார் என்று நினைத்தேன்.

மாமி எழுந்து வந்தார். டெஸ்ட் டியூபைப் பார்த்தார். முகம் சூரியகாந்தி மாதிரி விரிந்தது.

“நானாக்கும்” என்றார். “என் கையாலதான் அப்பினேன். அப்போ எங்காத்துப் பொண்கள் ஒண்ணும் பண்ணலை.”

என் இரண்டு கன்னத்தையும் பிடித்து உலுக்கினார். அப்படியே வெளியே ஓடி, நாத்தனாரைக் கொடியிலிருந்து இறக்கி, தலையைத் தடவுகிற மாதிரி தடவி, ரத்தான லீவையெல்லாம் சேர்த்துக் கொடுத்தார். தன் மேல் பழி விழுந்தது என்பதே அவர் காதில் ஏறவில்லை. பைகள் மேல் பழி இல்லை, அது போதும். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார் ஜன்னல் வழியாக மாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்புன்னு தெரிஞ்ச ஒடனே ஒத்துக்கிட்டாங்க பாருங்க” என்றார். “அதுக்கெல்லாம் ஒரு மனசு வேணுமுங்க மேடம்.”

டெஸ்ட் டியூப் என் கையிலேயே இருந்தது. அதை யாரும் இன்னொரு தடவை பார்க்கவில்லை. சரியாகச் செய்து பேர் வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். தப்பு செய்து பேர் வாங்க மாமி ஒருவரால்தான் முடியும்.

குழாயைத் தேய்த்துக் கழுவினோம். கழுவின தண்ணீரை ஓடையில் விடாமல் வாளியில் பிடித்து, சீமந்தத்தை அதில் போட்டு வைத்தார் மாமி. அவள் ஈயத்தையும் பிடித்தாள். ஆசிடில் விட்ட ஈயத்தை பாட்டிலில் அடைத்து, பேர் எழுதி, பூட்டி வைத்தேன். மீதிக் குங்குமத்தையும் என் டெஸ்ட் டியூபையும் அதிகாரிகளிடம் காட்டி விளக்கம் கொடுத்தோம். மறு சாம்பிள் எடுத்தார்கள். மாமனார் பக்கத்திலேயே நின்று, பாட்டில் நிறைகிறவரை பார்த்தார். நிக்கலும் இல்லை, ஈயமும் இல்லை. கரண்ட் போகவில்லை, கம்பெனி போகவில்லை. அடுத்த பூஜைக்குக் குழாய்க்குச் சந்தனம் மட்டும்தான் வைத்தோம், அதையும் நான் சோதித்துக் கொடுத்த பிறகு.

போன வருஷம் மாமி மும்பைக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். முழங்கால் பஸ் ஏறவிடவில்லை. கடைசி நாளில் பைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மெதுவாக ஏதோ சொல்லி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பக் கொடியில் மாட்டினார். எனக்கும் ஏதாவது சொல்வார் என்று நின்றுகொண்டே இருந்தேன். “ஆசிடை நீர்க்க வைச்சுக்கோ, கேட்டியா” என்றார். காரில் ஏறிவிட்டார். என் மாமனார் கொண்டுவந்த செவ்வாழைத் தார் அவர் மடியில் இருந்தது.

இப்போது பைகள் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை மாமி வீடியோ காலில் வருவார். ‘மொகத்தைக் காட்டு’ என்பார். முதல் ஞாயிறு நான் தலையைச் சரிசெய்துகொண்டு போனை முகத்துக்கு நேராகப் பிடித்தேன். “உன்னோடது இல்லை. சீமந்தத்தோட மொகம்” என்றார். சீமந்தம் இளைத்திருக்கிறாளா, தலைதீபாவளி தையல் விட்டிருக்கிறாளா, நாத்தனார் இன்னும் சோம்பேறித்தனம் பண்ணுகிறாளா என்று விசாரித்துவிட்டு, டக்கென்று வைத்துவிட்டார். நீ எப்படி இருக்கிறாய் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வயிற்றெரிச்சல் முன்பு மாமியின் மேல் மட்டும் இருந்தது. இப்போது பைகளின் மேலும் இருக்கிறது.

ஆகவே நானும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். எல்லாப் பையும் நன்றாகவே வேலை செய்கின்றன. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால், யாராவது ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். மாமி பதறிப்போய் உட்கார்ந்து, என்ன செய்ய வேண்டும் என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார். தெரிந்ததுதான் எல்லாம். தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன்.